வடசென்னையில் அப்ரண்டிஸ், ஐடிஐ, தொழிற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலடிப்பேட்டையில் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளி ரிசல்ட் வந்த வாரத்திலும், ஐசிஎஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையின் அறிவிப்பு வரும் நாட்களிலும் கூட்டம் வாசல் வரை நிற்கும். ஆள் மாறுவார்கள், சந்தேகம் மாறாது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

எல்லாப் பதிலிலும் என் அபிப்பிராயம் ஒன்று எட்டிப் பார்க்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சேரும் இடத்தின் பெயரை விட, முடித்துவிட்டு வெளியே வரும்போது கையில் என்ன தாள் இருக்கும், அதில் எந்தத் தொழிலின் பெயர் இருக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1. அப்ரண்டிஸ்னா இன்னாண்ணா? வேலையா, படிப்பா?

சட்டப்படி அது பயிற்சி. நடக்கும் இடம் மட்டும்தான் தொழிற்சாலை. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் நீங்களும் கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் போடுகிறீர்கள். அது அரசு போர்ட்டலில் பதிவாகும். எந்த ட்ரேட் (தொழிற்பிரிவு), எத்தனை மாதம், மாதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஃபிட்டர், வெல்டர் போன்ற ட்ரேடுகளில் முடிவில் தேர்வு உண்டு. பாஸானால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். நம் பசங்க என்ஏசி என்று சொல்வது இதைத்தான்.

பயிற்சி என்பதால் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் இருக்காது. கம்பெனி உங்களை எடுப்பது தர்மத்துக்காகவும் இல்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள பட்டறைகள் விரும்பினால் எடுக்கலாம். இந்தச் சின்னப் பட்டறைகளை நம்மவர்கள் யாரும் கணக்கிலேயே வைப்பதில்லை. அதைப் பற்றி 18இல் சொல்கிறேன்.

2. பையன் பத்தாவது ஃபெயில். அவனுக்கு எதுனா வழி இருக்கா சார்?

இருக்கிறது. வெல்டர், வயர்மேன், பிளம்பர் போன்ற ஐடிஐ பிரிவுகளுக்கு எட்டாவது பாஸ் போதும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் வேண்டுமென்றால் பத்தாவது தேற வேண்டும். வெல்டர் ஒரு வருடம், ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் இரண்டு வருடம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எட்டாவது முடித்து ஐடிஐ தேறியவர்கள் பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்றிதழ் வாங்கலாம். பத்தாவதுக்குப் பிறகு ஐடிஐ முடித்தவர்களுக்குப் பன்னிரண்டாவதுக்கும் இதே வழி உண்டு. கணக்குப் பாடத்தில் ஃபெயிலானவன் என்றால் பெரிய நிம்மதி.

3. கவர்மென்ட் ஐடிஐல சேர்த்தா எவ்ளோ செலவாகும்?

மின்ட் பக்கம் இருக்கும் வடசென்னை அரசு ஐடிஐதான் நமக்குக் கிட்ட. அம்பத்தூரிலும் கிண்டியிலும் இருக்கின்றன. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, பாடநூல் கிடைக்கும். 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. இரண்டும் ஐடிஐக்கும் பொருந்தும். காலேஜுக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கேட்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. மாசம் எவ்ளோ தருவாங்க?

2019 விதிகளின்படி குறைந்தபட்ச ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக்காலத் தொகை: பத்தாவது முடித்தவருக்கு 6,000, பன்னிரண்டாவது அல்லது ஐடிஐ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. ஒன்பதாவதுக்குள் நின்றவர்களுக்கு 5,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூடும், மூன்றாம் ஆண்டில் 15. இதை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரை செய்தது. ஆகவே கையெழுத்துப் போடும் நாளில் போர்ட்டலில் என்ன தொகை இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இது குறைந்தபட்சம்தான். இதற்கு மேலேயும் கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் பணம் வந்துவிட வேண்டும். இத்தனை பீஸ் அடித்தால் இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் கொடுக்கக் கூடாது, சட்டத்திலேயே தடை இருக்கிறது.

5. ஏழாயிரம்னு சொன்னாங்க, அக்கவுன்ட்ல ஐயாயிரத்து ஐந்நூறுதான் ஏறுது. மீதிய அமுக்கிட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் ஸ்டைபண்டில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு நேராக உங்கள் கணக்கில் போடுகிறது. கம்பெனி தன் பங்கு 5,500ஐ மட்டும் போடும். அரசுப் பங்கு தனியாக, பல நேரம் தாமதமாக வரும்.

வரவே இல்லை என்றால் கம்பெனியோடு சண்டைக்குப் போகும் முன் வங்கிக்குப் போய், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். பள்ளியில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து, அப்புறம் தொடாமல் விட்ட கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் கணக்கே முடங்கியிருந்தால் பணம் திரும்பிப் போய்விடும்.

6. எந்த வெப்சைட்ல போடணும்? இன்னான்ன எடுத்துனு வரணும்?

இரண்டு போர்ட்டல்கள். ஐடிஐ முடித்தவர்களுக்கும் பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கும் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா. டிப்ளமோ, டிகிரி என்றால் நேட்ஸ். ஐசிஎஃப் போன்ற இடங்களுக்கு அவர்களுடைய இணையதளத்திலும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழ், ஐடிஐ சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பாஸ்புக், போட்டோ, ஆதார், ஆதாரில் பதிந்த நம்பர் உள்ள போன். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஓடிபி அப்பாவின் போனுக்குப் போகும், அப்பா கடலுக்குப் போயிருப்பார், இங்கே எல்லோரும் காத்திருப்போம்.

அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். மார்க்‌ஷீட்டில் ஆர். திவ்யா, ஆதாரில் திவ்யா ரவி, பாஸ்புக்கில் திவ்யா டாட்டர் ஆஃப் ரவி. நமக்கு மூன்றும் ஒரே பெண், கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். மார்க்‌ஷீட்டை மாற்றுவது கஷ்டம், ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துவது சுலபம். அறிவிப்பு வந்தபின் ஓடாமல் லீவிலேயே செய்துவிடுங்கள்.

7. ஐசிஎஃப்ல அப்ரண்டிஸ் கெடச்சா ரயில்வே வேலை கன்ஃபார்மா?

இல்லை. இந்த நம்பிக்கையில் ஏமாந்து, வேறு எதற்கும் முயற்சி செய்யாமல் வருடக்கணக்கில் இருப்பவர்கள் ஓட்டேரி, பெரம்பூர், வியாசர்பாடி முழுக்க இருக்கிறார்கள். அப்ரண்டிஸ் முடித்தவருக்கு வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ரயில்வே நேரடியாக நிரப்பும் லெவல் 1 என்ற அடிநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. அதற்கும் போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1955இலிருந்து ரயில் பெட்டி செய்யும் இடம், வந்தே பாரத் ரயிலை முதலில் கட்டிய இடம். ஷீட் மெட்டல், வெல்டிங், பெயின்டிங், வயரிங் எல்லாம் பெரிய அளவில் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஐடிஐ முடிக்காத புதியவர்களையும் எடுக்கிறார்கள். பத்தாவதில் 50 சதவீதம் வேண்டும், தேர்வு கிடையாது, பத்தாவது மார்க்கை வைத்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை.

8. பொண்ணுங்கள எடுப்பாங்களா? எனக்கு முப்பத்தஞ்சு வயசு, நான் சேரலாமா?

எடுப்பார்கள், சேரலாம். தமிழ்நாட்டு ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. ஷிப்ட் நேரம், கம்பெனி பஸ் எந்த நிறுத்தம் வரை வரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா என்பதை இன்டர்வியூவிலேயே கேளுங்கள். ரிஃபைனரி இருக்கும் மணலி பக்கம் லாரிகளுக்கு நடுவே இரவில் நடந்து வருவது பற்றி வீட்டில் உள்ளவர்கள் கவலைப்படுவது வீண் பயம் இல்லை.

9. நாங்க காசிமேடு. பையன் போட்டுக்குத்தான் போவேன்னு நிக்கிறான். அதுலயே படிப்பு இருக்கா?

இருக்கிறது, அதுவும் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே. ராயபுரத்தில் சிஃப்நெட் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 1968இலிருந்து இயங்குகிறது. பத்தாவதில் கணக்கும் அறிவியலும் தேறியவர்களுக்கு மீன்பிடிக் கப்பல் ஓட்டும் வெசல் நேவிகேட்டர், இன்ஜின் பார்க்கும் மரைன் ஃபிட்டர் என்று இரண்டு பயிற்சிகள், ஒவ்வொன்றும் இரண்டு வருடம். வயது வரம்பு இறுக்கமாக இருக்கும், பத்தாவது முடித்த கையோடு விண்ணப்பிப்பது நல்லது.

என்னைக் கேட்டால் மரைன் ஃபிட்டர். அலை சரியில்லாத நாளில் போட் கரையில் நிற்கும், இன்ஜின் ரிப்பேர் நிற்காது.

10. பி.காம் முடிச்சிட்டு சும்மா இருக்கேன். இதெல்லாம் மெக்கானிக் பசங்களுக்குத்தானே?

இல்லை. நேட்ஸ் போர்ட்டலில் கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. சமீபத்தில் முடித்தவர்களுக்குத்தான் முன்னுரிமை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வங்கிகளும் எடுக்கின்றன. இந்தியன் வங்கி 2024இல் 1,500 பேருக்கு அறிவிப்பு வெளியிட்டது, கிளையைப் பொறுத்து 12,000 அல்லது 15,000 ரூபாய். துறைமுகத்தைச் சுற்றிக் கன்டெய்னர் யார்டு, கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் ஆபீஸ்கள் நிறைய இருக்கின்றன. ஷிப்பிங் பில் போடவும் ஜிஎஸ்டி பார்க்கவும் தெரிந்த பி.காம் பட்டதாரி ராஜாஜி சாலைப் பக்கம் சும்மா உட்கார வேண்டியதில்லை.

11. கம்பெனில டிரெய்னின்னு கார்டு குடுத்துட்டாங்க. ஆனா சம்பளம் கான்ட்ராக்டர்தான் தர்றார். நான் அப்ரண்டிஸா இல்லியா?

கார்டில் என்ன அச்சடித்திருந்தாலும் செல்லாது. ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா, அதற்கு எண் இருக்கிறதா, அதில் ட்ரேட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் லாகினிலேயே தெரியும். இருந்தால் அப்ரண்டிஸ்.

பதிவு இல்லை, ஆனால் பிஎஃப் 12 சதவீதமும் இஎஸ்ஐ 0.75 சதவீதமும் பிடிக்கிறார்கள் என்றால் நீங்கள் கான்ட்ராக்ட் தொழிலாளி. அது கேவலம் இல்லை. குறைந்தபட்சக் கூலி உண்டு, இஎஸ்ஐ ஆஸ்பத்திரி உண்டு. என்ஏசி மட்டும் வராது. சிக்கல் மூன்றாவது ரகத்தில்தான்: பதிவும் இல்லை, பிடித்தமும் இல்லை, கவரில் காசு. பயிற்சி என்று சொல்லிக் கூலியைக் குறைத்துக்கொள்கிறார்கள், கடைசியில் பயிற்சிக்கான தாளும் கிடையாது. அங்கே கற்றுக்கொள்ள ஏதாவது இருந்தால் கற்றுக்கொண்டு, கண்ணை வேறு பக்கமும் வைத்திருங்கள்.

12. ஒருத்தர் ஐம்பதாயிரம் குடுத்தா மணலில உள்ள சேத்துவிடுறேன்றார். குடுக்கலாமா?

கூடாது. அப்ரண்டிஸ் இடத்துக்கு டெபாசிட்டும் இல்லை, கமிஷனும் இல்லை. 7இல் சொன்ன 100 ரூபாய் மாதிரி விண்ணப்பக் கட்டணம் இருந்தால் அது அறிவிப்பிலேயே இருக்கும், ஆன்லைனில் கட்டலாம். உள்ளே ஆள் இருக்கிறது என்பவரிடம் அறிவிப்பு எண்ணைக் கேளுங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

13. ஃபிட்டர்னு சேந்தேன். வந்ததுல இருந்து ஒரே மெஷின்ல நட்டு டைட் பண்றேன். இதுல இன்னா கத்துக்கிறது?

இதுதான் உண்மையான கேள்வி, இதைக் கேட்பவர்கள்தான் குறைவு. ஒவ்வொரு ட்ரேடுக்கும் பாடத்திட்டம் உண்டு, அதன்படி இடம் மாற்றிப் பயிற்சி தர வேண்டும். ஆர்டர் நெருக்கடியில் லைனில் ஆள் குறைந்தால் அப்ரண்டிஸைத்தான் நிறுத்துவார்கள். முதலில் பாடத்திட்டத்தைப் போர்ட்டலில் இருந்து பிரின்ட் எடுத்து, செய்ததையும் செய்யாததையும் குறித்துக்கொண்டு டிரெய்னிங் ஆபீசரிடம் காட்டுங்கள். புகார் மாதிரி இல்லாமல், மெயின்டனன்ஸ் பக்கம் ஒரு மாதம் போடுங்கள் சார், தேர்வுக்கு வேண்டும் என்று கேளுங்கள். தேர்வைச் சொன்னால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

அடுத்தது, செய்த வேலையைக் குறித்து வைக்கும் லாக் புக். எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதுவது என்னவென்றால் ‘லைனில் வேலை செய்தேன்’. இன்டர்வியூவில் அதைப் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதுங்கள்: ‘கன்வேயர் மோட்டார் அதிர்ந்தது. கப்ளிங் கழற்றி, டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட் பார்த்தோம். மோட்டார் காலுக்கு அடியில் ஷிம் சேர்த்துச் சரி செய்தோம். நான் கேஜ் பிடித்து ரீடிங் எழுதினேன்.’ பெரிய ஃபிட்டர் செய்ததில் நீங்கள் செய்த பங்கு மட்டும் போதும். நட்டு டைட் செய்பவர்கூட எந்த சைஸ் போல்ட், எவ்வளவு டார்க் (இறுக்கும் விசை), எந்த வரிசையில் இறுக்கினால் ஃபிளான்ஜ் கோணாமல் உட்காரும் என்று எழுதலாம். சூப்பர்வைசர் கையெழுத்தை வாரா வாரம் வாங்கிவிடுங்கள். வருடக் கடைசியில் அவர் வேறு பிளான்ட்டுக்கு மாறிப் போயிருப்பார்.

ஓவர்டைம் பார்க்கச் சொன்னால் ஒரு விஷயம்: அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அதிகாரியின் அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் செய்ய வைக்கக் கூடாது.

14. அடிபட்டா யார் பாப்பாங்க?

கம்பெனிதான். சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, பயிற்சியின்போது நேர்ந்த காயத்துக்குத் தொழிலாளிக்குத் தருவது போலவே நஷ்டஈடு தர வேண்டும். சின்னக் காயம் என்றாலும் ஃபர்ஸ்ட் எய்டு பதிவேட்டில் எழுத வையுங்கள்.

15. பன்னெண்டு வருஷமா வெல்டிங் பண்றேன். கையில ஒரு பேப்பர் இல்ல. இப்ப ஐடிஐ போய் உக்கார முடியுமா?

வயது வரம்பு 8இல் இருக்கிறது. ஆனால் குடும்பத்தை வைத்துக்கொண்டு பகல் முழுக்க வகுப்பில் உட்காருவது நடக்காத காரியம். உங்களுக்கு வேறு கதவுகள் உண்டு. ஒன்று, அனுபவத்தை அங்கீகரிக்கும் ஆர்பிஎல். சில நாள் வகுப்பு, ஒரு மதிப்பீடு, அதன்பின் சான்றிதழ். இன்னொன்று, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிக்கும்போது தனித்தேர்வராக ஐடிஐ தேர்வையே எழுதுவது. அதற்கு அனுபவச் சான்று வேண்டும். சான்று தரும் பட்டறையோடு உறவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் மணலியில் ரிஃபைனரி ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும்) வேலைக்குப் போகிறவர் என்றால், கேட்டில் சான்றிதழை விட டெஸ்ட் பீஸைத்தான் பார்ப்பார்கள். 6ஜி, அதாவது 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்டிங் அடித்து எக்ஸ்ரேயில் தேறினால் கூலியே வேறு. கை இருக்கிறது உங்களிடம். டிக் வெல்டிங்கில் ரூட் (முதல் அடுக்கு) அடிக்கப் பழகிக்கொண்டு டெஸ்ட்டுக்குப் போங்கள், ஆர்பிஎல் அப்புறம் வாங்கலாம்.

16. டெலிவரிக்குப் போனா மாசம் இருபதாயிரம் பாக்கலாம். ஏழாயிரத்துக்கு எவன் போவான்?

நியாயமான கேள்வி. வீட்டில் வேறு வருமானம் இல்லை, தங்கைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்றால் டெலிவரிக்குப் போங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இருபதாயிரத்தில் பெட்ரோல், பைக் தவணை, டயர், மழைக்காலத்தில் சப்வேயில் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கான செலவைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு வருடம் இழுத்துப் பிடிக்க முடியும் என்றால் பயிற்சி பக்கம் நிற்பேன். காரணம் வயது. ஐடிஐ அப்ரண்டிஸ் இடங்கள் பெரும்பாலும் 24, 25 வயதோடு மூடிவிடும். டெலிவரி பையை முப்பது வயதிலும் தூக்கலாம்.

17. பாதில விட்டா இன்னா ஆவும்?

சும்மா வராமல் நின்றுவிடாதீர்கள். போர்ட்டலில் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் வரை வேறு கம்பெனி உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போட முடியாது. எழுதிக் கொடுத்து, ஒப்பந்தம் முறையாக முடிக்கப்பட்டதா என்று லாகினில் பாருங்கள். கம்பெனி ஒப்பந்தப்படி நடக்காததால் முறிந்தால் நஷ்டஈடு உங்களுக்கு, நீங்கள் காரணமில்லாமல் விட்டால் பயிற்சிச் செலவை அவர்கள் கேட்கலாம். 4, 13இல் சொன்ன மாதிரி மீறல் இருந்தால் தேதியோடு குறித்து வைத்திருங்கள்.

புகார் எங்கே என்றால், ஐடிஐ ரகத்துக்கு கிண்டியில் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை. ரயில்வே, ரிஃபைனரி போன்ற மத்திய நிறுவனம் என்றால் மத்திய திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் மண்டல இயக்குநரகம், அதுவும் கிண்டிதான். டிப்ளமோ, டிகிரிக்கு தரமணியில் உள்ள அப்ரண்டிஸ் பயிற்சி வாரியம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம்.

18. புகை எங்களுக்கு, வேலை வெளியூருக்கா? எண்ணூர்ல இத்தினி கம்பெனி இருந்தும் எங்க பசங்கள ஏன் எடுக்கறதில்ல?

கோபம் நியாயம்தான். அனல்மின் நிலையச் சாம்பலும் மணலியின் நாற்றமும் நம் வீட்டுக்குள் வருகின்றன. ஆனால் அப்ரண்டிஸ் பட்டியலில் ஊர் பார்ப்பதில்லை. பத்தாவது, ஐடிஐ மார்க்கை வைத்துப் பட்டியல் போட்டால் மாநிலம் முழுவதிலிருந்தும் 90 சதவீதக்காரர்கள் மேலே வந்துவிடுவார்கள். நம் பையன் தேறியிருந்தும் கீழே நிற்பான். உள்ளூருக்கு ஒதுக்கு என்று கேட்பது அரசியல் வேலை, கேட்க வேண்டியதுதான். அதுவரை வீட்டில் ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருந்தால், பத்தாவது மார்க் இத்தனை இடத்தில் தராசாக நிற்கும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

மார்க் குறைந்தவர்களுக்கு 1இல் சொன்ன சின்னப் பட்டறைகள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் லேத், ஃபேப்ரிகேஷன், கன்டெய்னர் ரிப்பேர் என்று எத்தனையோ இருக்கின்றன. பல முதலாளிகளுக்கு அப்ரண்டிஸ் எடுக்கலாம் என்பதே தெரியாது, அரசு 1,500 தரும் என்பதும் தெரியாது. ஏற்கெனவே அங்கே ஹெல்பராக இருக்கும் பையன் என்றால் முதலாளியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கம்பெனி பக்கப் பதிவை முதலில் போட்டுவிடலாம். ஜிஎஸ்டி எண்ணும் பான் கார்டும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் வரைதான்.